சங்கத்துக் கையிருப்பைச் சீட்டுக்காசு எண்டு நான் சொன்னது

என்ரை பேர் சந்தியாப்பிள்ளை மடுத்தீன். வயசு அறுபத்தாறு. பிறந்தது மன்னார். இப்ப பாரிஸ் ரூ பெர்தொனேயிலை மகள் இம்மாகுலேற்றோடை இருக்கிறன். ஐஞ்சாம் வகுப்பு மட்டும் படிச்சனான். பிரெஞ்சு தெரியாது, நான் சொல்லுறதை இந்தப் பொலிஸ் நிலையத்திலை மொழிபெயர்க்கிற தம்பி எழுதுறார்.

லா சப்பலிலை, என்னைப்போலை இன்னும் விசா கிடைக்காத எங்கடை ஆக்களுக்கு மருந்து குடுக்கிற வைத்திய உதவிச் சங்கம் ஒண்டு இருக்கு. தில்லைநாயகி அதின்ரை பொருளாளர். மாசி மாசப் பொதுக்கூட்டத்திலை அவ வரவு செலவு வாசிச்சு, கடைசியிலை வங்கியிலை கையிருப்பு எண்டு ஒரு பெரிய தொகை சொன்னா. எனக்குத் தெரிஞ்ச காசுக் கணக்கு சீட்டு ஒண்டுதான். சீட்டிலை மாசாமாசம் ஒராள் எடுப்பார், மிச்சம் எண்டு ஒண்டும் கிடவாது, முதல் மாசக் காசு, சீட்டை நடத்திற தாச்சிக்கு. அதாலை நான் எழும்பி, "பிள்ளை, இவ்வளவு மிச்சம் கிடக்கு, தாச்சி எப்ப எடுக்கப்போறா?" எண்டு கேட்டன். எல்லாரும் சிரிச்சவை. அவ, "அண்ணை, இது சீட்டில்லை. மாநகரசபை தாற காசு பிந்தினால் தாதிக்குச் சம்பளமும் அறைக்கு வாடகையும் மருந்தும் இதிலைதான்" எண்டவ. எனக்கு விளங்கினது. விளங்கியும், சனம் சிரிக்குது எண்டு, "அப்ப அது முட்டை போடுமட்டும் காவல் இரு" எண்டன்.

அதுக்குப் பிறகு செசிலின்ரை பலசரக்குக் கடையிலை அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சன். தெருவிலை அவவைக் கண்டால், "என்ன தாச்சி, சுகமோ?" எண்டு கத்துவன். அவ குனிஞ்சுகொண்டு போவா. அதுக்குப் பிறகு ஒருநாள் செசில், "உண்மையே மடுத்தீன் அண்ணை, அவ எடுத்துப்போட்டாவோ?" எண்டு கேட்டார். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. கண்ணடிச்சன். அதுக்குப் பிறகு சனம் சந்தா குடுக்கிறதை நிப்பாட்டிப்போட்டுது. செசில் பொலிசுக்கு முறைப்பாடு குடுத்தார். நேற்று விடிய பொலிசுக்காரர் தில்லைநாயகியை அவவின்ரை பிள்ளையளுக்கு முன்னாலை பிடிச்சு இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தவையாம். இண்டைக்கு மருந்தறை பூட்டு.

அவ ஒரு சதமும் தொடேல்லை. போன குளிருக்கை மாநகரசபைக் காசு பிந்தின நேரம் என்ரை சீனி வருத்தத்துக்குப் போட்ட ஊசியும் அந்தக் கையிருப்பிலைதான் வந்ததாம். தாதி அற்புதராணி பூட்டின வாசலிலை நிண்டு சொன்னவ. என்னைப் பாத்துச் சொல்லேல்லை, பூட்டைப் பாத்துச் சொன்னா.

"பகிடிக்குச் சொன்னது எண்டு எழுதட்டோ ஐயா?" எண்டு தம்பி கேட்டார். வேண்டாம் எண்டன். பகிடி எண்டு எழுதினால் நான் வீட்டை போயிடுவன், அவ உள்ளுக்கை இருப்பா. தெரிஞ்சுகொண்டு சொன்ன பொய் எண்டு எழுதச் சொன்னன்.

தம்பி எல்லாத்தையும் திருப்பி வாசிச்சுக் காட்டினவர். கூட்டிக் குறைச்சு ஒண்டும் இல்லை, நடந்தது இதுதான் எண்டு என்ரை கையாலை ஒப்பம் வைக்கிறன்.

ச. மடுத்தீன்
பாரிஸ், 1987 வைகாசி