பன்னிரண்டாவது முகம்

— வெக்க மாட்டேன்னா வெக்க மாட்டேன். கால்ல விழுந்தாலும் வெக்க மாட்டேன், சித்திரக்காரம்மா.

— மெதுவா பேசு தொமாசா. சங்கக் கட்டடம் பூரா ஆளுங்க.

— இருக்கட்டும். அவங்க செத்தவங்களுக்குப் பூ வெக்க வந்திருக்காங்க. என் புருசன் நபோர் சாகல. உசுரோட இருக்கிற மனுசன் படத்துக்கு முன்னால செண்டுப்பூவை வெச்சா என்ன அர்த்தம்? சாவைக் கைதட்டிக் கூப்பிடற மாதிரி.

— இதை இப்பத்தான் சொல்றே. மூணு வாரமா நான் இந்தச் சுவர்ல அவனை வரையறப்ப இதே தரையில உக்காந்து அழுதியே?

— அழாம இருந்தா சந்தேகம் வரும்ல.

— வேலைநிறுத்தத்தப்போ ஆலை வாசல்ல பட்டாளத்துக்காரங்க சுட்டாங்க. வண்டியில அள்ளிட்டுப் போனாங்க. ஒரு பிணத்தைக்கூடத் திருப்பித் தரல. பன்னெண்டு பேரும் போயிட்டாங்கன்னு நம்பித்தானே வரைஞ்சேன்.

— வண்டியில இருந்து உருண்டு சோளக்காட்டுக்குள்ள ஊர்ந்து போயிட்டாரு. தொடையில குண்டு. எட்டு மாசமா மலையில கரி சுடறவங்கதான் வெச்சுப் பாத்துக்கறாங்க. போதுமா? இன்னும் வேணுமா?

— நேத்து சாயந்திரம் அந்தப் பட்டாளத்தோட கேப்டன் இங்க வந்தான். எனக்கு ஒரு சிகரெட்டு குடுத்தான். நாளைக்குக் கல்லறைத் திருநாள், இவங்களுக்குத்தான் கல்லறையே இல்லையே, எங்க போய்ப் பூ வெப்பாங்கன்னு கேட்டான். இங்கதான் வெப்பாங்க, என் சுவருக்குக் கீழதான்னு பெருமையா சொன்னேன்.

— அதுக்கென்ன?

— வண்டியில ஏத்தினது பன்னெண்டு, புதைச்சது பதினொண்ணுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். தப்பிச்சவன் யாருன்னுதான் தெரியாது. இப்போ பாரு. பதினோரு முகத்துக்குக் கீழ பூ. ஒரு முகத்துக்குக் கீழ வெறும் தரை.

— மாதாவே! அழிச்சிடுங்க. உங்க கையால வரைஞ்சதுதானே, அழிச்சிடுங்க.

— ஈரச் சுண்ணாம்புல வரைஞ்சது. காஞ்சு கல்லாயிடுச்சு. உளியாலதான் கொத்தணும். கொத்தினா அந்த இடம் வெள்ளையாப் பல்லைக் காட்டும். அதைவிடப் பெரிய அடையாளம் வேணுமா?

— நீங்க வரைஞ்சதுல வாய் காது வரைக்கும் கிழிஞ்சு கெடக்கு. கை ஒவ்வொண்ணும் மம்பட்டி மாதிரி. பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது, தப்பிச்சோம்னு இருந்தேன். கடைசி நாள் போய் அந்தப் புருவத்தை வரைஞ்சீங்க பாருங்க.

— நீதானே சொன்னே? தறியில ஓடற நாடாக் கட்டை பறந்து வந்து வெட்டின தழும்புன்னு.

— நான்தான் சொன்னேன். கேக்கறதுக்கு ஒரு ஆள் கிடைச்சதும் வாய் நிக்கல. என் நாக்கை அறுக்கணும்.

— குதிரைச் சத்தம் கேக்குது. பூவை வை, தொமாசா.

— அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?

— பூவால ஒருத்தனும் சாகறதில்ல. துப்பாக்கியாலதான் சாகறான்.

— நீங்க மெக்சிகோ நகரத்துக்காரங்க. உங்களுக்கு என்ன தெரியும்... குடுங்க. பூவைக் குடுங்க. மெழுகுவர்த்தி. ரொட்டி. அந்த உப்புக் கிண்ணம்.

— விடு, நான் வெக்கறேன்.

— தொடாதீங்க.

— தண்ணி டம்ளரை விட்டுட்டியே.

— தெரிஞ்சுதான் விட்டேன். தண்ணி வெக்கலன்னா இது படையல் இல்ல. அவரைக் கூப்பிட்டதா ஆகாது.

— அவன் பாத்தான்னா?

— பட்டாளத்துக்காரன். பூவைப் பாப்பான், போயிடுவான். இதெல்லாம் அவனுக்கு எங்க தெரியப்போகுது? வாயை மூடுங்க, வந்துட்டான்.

— வாங்க, கேப்டன். தொப்பியைக் கழட்டுவீங்கன்னு நான் நினைக்கல.

— இறந்தவங்க இருக்கிற இடமாச்சே, சித்திரக்காரம்மா. எங்கம்மாவுக்கும் பக்கத்து ஊர்தான். அடேயப்பா, என்ன பெரிய கைங்க! இப்படியா இருந்தாங்க?

— வலிக்கிறப்போ அப்படித்தான் இருக்கும்.

— நான் பக்கத்துல நின்னு பாத்தவன். இவ்வளவு பெருசா இல்ல. ஒம்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. எல்லாருக்கும் பூ வந்துடுச்சு. நல்லது. இந்தப் புருவத்துல தழும்பு உள்ளவரு யாரும்மா உங்களுக்கு?

— வீட்டுக்காரருங்க.

— பேரு?

— நபோர். நபோர் தெக்பா.

— இறந்துட்டாரா?

— என்னையா கேக்கறீங்க? பக்கத்துல நின்னு பாத்தவரு நீங்கதானேங்க.

— கோவப்படாதீங்க. இப்படி உக்காருங்க. எங்கம்மா படையல் போடறப்போ முதல்ல எதை எடுத்து வெப்பாங்க தெரியுமா?

— தெரியாதுங்க.

— தண்ணி. அவ்வளவு தூரம் நடந்து வர்றவங்களுக்கு நாக்கு வறண்டிருக்கும்னு சொல்லுவாங்க. இங்க பதினோரு டம்ளர்தான் இருக்கு.

— நான்தான் கேப்டன், கை பட்டுக் கொட்டிடுச்சு.

— தரை காஞ்சிருக்கே, சித்திரக்காரம்மா.

— மறந்துட்டேங்க! துக்கத்துல மறந்துட்டேன். இதோ வெக்கறேன். இதோ, இங்கயே டம்ளர் இருக்கு.

— வையுங்க, அவசரம் இல்ல. விடியக்காலையில மலையில ஒருத்தனைப் பிடிச்சோம். முகமெல்லாம் கரி. என்ன அடிச்சும் பேரைச் சொல்லல. எனக்கோ எழுதறதுக்கு ஒரு பேர் வேணும். சரி, சுவர்ல இருக்கானான்னு பாக்கலாம்னு வந்தேன்.

— கேப்டன், அந்த ஆள் வேற யாராச்சும்—

— தழும்பு இடது புருவத்துலதானே, சித்திரக்காரம்மா? நல்லா வரைஞ்சிருக்கீங்க.

— ஐயா... அவரை நான் ஒரு தடவை... ஒரே ஒரு தடவை பாக்கணுங்க...

— டம்ளரை நிறைய ஊத்துங்கம்மா. கடைசி வரைக்கும் அவன் கேட்டது அது ஒண்ணுதான்.