பெடல் கெட்டி

“பெடல் எப்படி இருக்குது சாமி?”

என்னைச் செல்லமாகச் சாமி என்று கூப்பிடும் அப்பா, மகளிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். சாப்பிட்டாயா என்று கேட்டதைவிட இதைத்தான் அதிகம் கேட்டிருப்பார். காரின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு கேட்பார். நான் டிரைவர் சீட்டின் நுனியில் உட்கார்ந்து, வலது காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி பதில் சொல்வேன். “கெட்டிங்க”, இல்லாவிட்டால் “இறங்குதுங்க”. எனக்குக் கூச்ச சுபாவம். இரண்டே பதில் உள்ள வேலை எனக்கு ஒத்துவந்தது.

வெண்ணந்தூரில் எங்கள் பட்டறை. பழைய கார்கள்தான் வரும். பிரேக் குழாயில் காற்று புகுந்துவிட்டால் அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சக்கரத்தடியில் திருகைத் தளர்த்தி இறுக்குவார். இன்னொருவர் மேலே பெடலை மிதிப்பார். கீழே இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பிரேக் நிற்கிறதா இல்லையா என்பது மேலே இருப்பவரின் காலுக்குத்தான் தெரியும். அப்பாவிடம் வேலைபார்த்த ஆள், போர்வெல் தோண்டும் திருச்செங்கோட்டு லாரியில் வேலைக்குப் போய்விட்டான். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. படிப்பை நிறுத்தி என்னைப் பெடல் மிதிக்க வைப்பதென்று அப்பா முடிவு செய்தார். வகுப்பில் முதல் மார்க் எனக்கு, இரண்டாவது கந்தம்மாளுக்கு. இருவருக்கும் ஒரே பெஞ்சு.

கந்தம்மாளின் அப்பா நாச்சிமுத்து ஊரில் பெரிய தோட்டக்காரர். எல்லோரும் பண்ணாடி என்பார்கள். அவருடைய லேண்ட்மாஸ்டர் கார் எங்களிடம்தான் வரும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அப்பா மீறமாட்டார்.

“எங்கப்பாகிட்டச் சொல்லி உங்கப்பாகிட்டப் பேசச் சொல்றேன் பாப்பாயி. நீ அழுவாத. நீ வராட்டி நான் யாரைப் பாத்துக் காப்பி அடிக்கறது?” என்றாள் கந்தம்மாள். இருவரும் சிரித்தோம்.

நான் காத்திருந்தேன். ஒரு மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பா சொன்னார். “பண்ணாடிகிட்டப் பேசிட்டேன் சாமி. பொம்பளப்புள்ளைக்கு இது போதும்னுட்டாரு. அவரு புள்ளயே சொல்லுச்சாமா, பாப்பாயிக்குப் படிப்புல இஷ்டமில்லைன்னு.”

முதல் மார்க்காரி நின்றுவிட்டால் இரண்டாவது மார்க்காரி முதலாவது ஆகிவிடுவாள். அந்தக் கணக்கை நான் சோறு ஆறுவதற்குள் போட்டுவிட்டேன். பிறகு கந்தம்மாள் பட்டறைப் பக்கம் வந்தால் நான் பின்பக்கம் போய்விடுவேன். பேர் சொல்லிக் கூப்பிடுவாள். அப்பாவோடு ஏதோ பேசிவிட்டுப் போய்விடுவாள். என்ன பேசினாள் என்று நான் கேட்டதில்லை.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லைனிங் தேய்ந்தால் கீச்சென்று சத்தம் போட்டுச் சொல்லிவிடும். டிரம் கோணினால் பெடல் காலில் துள்ளும். ரப்பர் அப்படியில்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சின்ன ரப்பர் வாஷர் இருக்கிறது. காரின் மொத்த பிரேக்கும் அதை நம்பித்தான். அது கடைசிவரை நல்லதுபோலவே இருந்து, ஒருநாள் விட்டுவிடும். பழைய காருக்கு எதில் வேண்டுமானாலும் உள்ளூர்ச் சரக்குப் போடலாம், அந்த ரப்பரில் மட்டும் கூடாது என்பார் அப்பா.

கந்தம்மாள் எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாள். சேலத்தில் காலேஜ், ஹாஸ்டல். அவளைக் கொண்டுபோய் விட வேண்டும் என்று பண்ணாடி காரை விட்டுச் சென்றார். மாஸ்டர் சிலிண்டர் ரப்பரை மாற்ற வேண்டியிருந்தது. சேலத்துக் கடைகளில் அசல் ரப்பர் கிடைக்கவில்லை. நாள் குறித்துவிட்டார்கள். அப்பா அரை மனதாக உள்ளூர் ரப்பரைப் போட்டார்.

கிளம்பும் அன்று காலை காற்று எடுத்தோம். பண்ணாடி பக்கத்தில் நின்றிருந்தார். நான் வேகமாக மிதித்தேன், கெட்டியாக நின்றது. மெதுவாக மிதித்துப் பிடித்தேன். அடைமழையில் ஊறிய மண்சுவர்போல, காலடியில் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“பெடல் எப்படி இருக்குது சாமி?”

“கெட்டிங்க.”

“நல்லாப் புடிச்சுப் பாத்தியா?”

“பாத்தனுங்க. கெட்டிங்க.”

பண்ணாடி சிரித்தார். “என்ன சின்னுச்சாமி, உம்பட இன்ஸ்பெக்டரம்மா சர்ட்டிபிகேட் குடுத்தாச்சா?”

“எம்பட கண்ணு ஏமாந்தாலும் ஏமாறும், அவ காலு ஏமாறாதுங்க” என்றார் அப்பா, காருக்கு அடியிலிருந்து.

கார் கிளம்பும்போது கந்தம்மாள் ஒரு துணி மூட்டையோடு இறங்கி வந்தாள். இந்த முறை நான் பின்பக்கம் போகவில்லை. மூட்டையில் அவளுடைய பாடப் புத்தகங்கள் இருந்தன.

“பிரைவேட்டாப் பரிட்சை எழுது பாப்பாயி. இன்னும் எம்மேல கோவமா?”

இல்லை என்று தலையாட்டினேன். தோற்றவளுக்கு ஜெயித்தவள் போடும் பிச்சை என்று நினைத்தேன். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். அவள் முன் சீட்டில் ஏறினாள். அவள் எப்போதும் முன் சீட்டில்தான் உட்காருவாள், அது எனக்குத் தெரியும். கண்ணாடியை இறக்கிக் கை காட்டினாள். நானும் காட்டினேன். சொல்வதற்கு அப்போதும் நேரம் இருந்தது என்று நீங்கள் நினைக்கலாம். இருந்தது. ஆனால் என்னை யாரும் மறுபடி கேட்கவில்லை.

அயோத்தியாப்பட்டணத்தில் அவளுடைய சித்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போவதாக இருந்தார்கள். அங்கே ரயில்வே கேட் மூடியிருந்தது. மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் நின்றது. மூங்கில் நுனிகள் லாரிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தன. பண்ணாடி தூரத்திலிருந்தே நிதானமாகத்தான் பிரேக்கை மிதித்தாராம். அவருக்குக் கையில் மட்டும் அடி. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தேவையிருக்கவில்லை.

போலீஸ் கேட்டபோது, ரப்பர் தப்பு, போட்டவன் நான் என்று அப்பா சொன்னார். வழக்கு போட்டு, ஜாமீனில் விட்டார்கள். அதன்பின் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் தானாகவே பேச ஆரம்பித்தார்.

“அந்தப் புள்ள எத்தன வாட்டி வந்து எங்கிட்டக் கெஞ்சுச்சு தெரியுமா சாமி, உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கன்னு. பண்ணாடியும் சொல்லிப் பாத்தாரு. பட்டறைக்கு ஆள் இல்லைன்னு நாந்தான் மாட்டேன்னுட்டேன். அவங்க பேரச் சொன்னா நீ மறுபேச்சுப் பேசமாட்டேன்னு, அப்படி ஒரு பொய்யச் சொல்லி வெச்சேன்.”

நான் அழவில்லை. அது எனக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும், தெரியவிடாமல் செய்தவர் அவர். இருவரில் யார் ஏமாற்றியவர் என்று நீங்களே சொல்லுங்கள். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, கந்தம்மாளின் சரித்திரப் புத்தகத்தை விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். ஓரங்களில் அவள் பென்சிலால் எழுதிய குறிப்புகள் மிகவும் உபயோகமாக இருந்தன. நான் தேறியதற்கு அவளும் ஒரு காரணம், அதை மறைக்க மாட்டேன்.

அப்பா காப்பியைக் குடிக்காமல் என்னையும் அந்தப் புத்தகத்தையும் வெகுநேரம் பார்த்தார்.

மறுநாள் பட்டறையில் ஒரு பழைய ஜீப் நின்றது. “ஏறு சாமி” என்றார். ஏறினேன். அவர் அடியில் போய்ப் படுத்தார்.

“மிதிச்சுப் புடி. எப்படி இருக்குது?”

“கெட்டிங்க.”

கீழே ஸ்பேனர் உரசியது.

“இப்ப?”

“இறங்குதுங்க.”

மறுபடி உரசியது. முதலில் இறுக்கிவிட்டு, இந்த முறை மயிரிழைதான் தளர்த்தியிருப்பார்.

“இப்ப சாமி?”

“இறங்குதுங்க. கொஞ்சூண்டு.”

நான் காலை எடுக்காமல் காத்திருந்தேன். அப்பா வெளியே வந்து, கழிவு நூலில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பெடல் மேல் இருந்த என் காலைப் பார்த்தார்.

அன்று ஏன் கெட்டி என்றாய் என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்டதற்குப் பொய் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, ராசிபுரம் ரோட்டில் இறங்கி நடந்துபோனார்.