எந்தக் கட்டத்தில் குறி போடட்டும்?

"ஹலோ... ஹலோ, அக்கா? நான்தான், நவ்ரஸ்... இல்ல இல்ல, வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க, பதறாத... ஆமா, அம்மாவுக்கு ஒண்ணுமில்ல... பள்ளிக்கூடத்துலேருந்துதான் பேசுறேன். உனக்கு எவ்ளோ நேரம் இருக்கு?... பத்து நிமிஷமா? போதும், போதும்."

பாஸ்பேட் சுரங்க ஊரான மெத்லாவியில், பள்ளிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குத்தான் நிழல் இருந்தது. அதில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள் நவ்ரஸ். பதினாறு வயது. கையில் ஒரு படிவம். மடித்து மடித்துப் பிரித்ததில் நடுமடிப்பு கிழியப் பார்த்தது. அடுத்த வருடம் எந்தப் பிரிவு என்று அதில் குறி போட வேண்டும். இலக்கியம், அறிவியல், பொருளாதாரம், கணினி என்று நாலு கட்டங்கள். பன்னிரண்டு மணிக்கு அலுவலக ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். இப்போது பதினொன்று நாற்பது. கீழே அப்பாவின் கையெழுத்து மட்டும் தயாராக இருந்தது. வெற்றுப் படிவத்திலேயே போட்டுக் கொடுத்துவிட்டு, தான் ஓட்டும் ஷேர் டாக்ஸியை எடுத்துக்கொண்டு கஃப்ஸா நகரத்துக்குக் கிளம்பிவிட்டார்.

"அதான்க்கா, அந்தப் படிவம்... ஆமா, இன்னைக்கே. இன்னும் இருபது நிமிஷம்... இல்ல, இன்னும் போடல... ராத்திரி பூரா வச்சுப் பாத்துட்டுத்தான் இருந்தேன். எல்லாரும் குடுத்துட்டாங்க, நான் ஒருத்திதான் பாக்கி... எனக்கு என்ன பிடிக்குமா? அதைக் கேக்கத்தானே உனக்கே போன் பண்றேன்!... சிரிக்காத. நிஜமாவே தெரியல. எல்லாத்துலயும் இருபதுக்குப் பன்னெண்டு, பதிமூணு. ஒண்ணுலயாவது பதினெட்டு வாங்கியிருந்தா தெரிஞ்சிருக்கும். ஒண்ணுலயாவது ரெண்டு வாங்கியிருந்தாலும் தெரிஞ்சிருக்கும்..."

அக்கா ஹஸ்னாவுக்கு முப்பத்தொரு வயது. வேதியியலில் முனைவர் பட்டம். பாஸ்பேட் கழுவிய தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்வது என்று ஆறு வருடம் ஆராய்ந்தவள். தலைநகர் துனிஸில், பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கிறாள். அப்பாவின் வண்டியில் ஏறியவர்கள் யாரும் இதை அவர் வாயால் கேட்காமல் இறங்கியதில்லை.

"அப்பாவா? அவருக்கு என்ன, 'ஹஸ்னா எதுல போட்டாளோ அதுலயே போடு'ங்கறார். அவ்ளோதான், விஷயம் முடிஞ்சுது... ஆமா, ஆமா... அதுக்கில்லக்கா, நீ கெட்டிக்காரி. நான் நீ இல்லையே... ம்... என்ன? சரியா கேக்கல. ஒரே சத்தமா இருக்கே உன் பக்கம். வகுப்புலயா இருக்க?... ஓ, சோதனைக்கூடமா. என்னக்கா, உன் மாணவங்க எல்லாரும் ஒரே நேரத்துலயா பேசுவாங்க?... இல்ல, கேக்குதே. 'வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா'ன்னு பிரெஞ்சுல... 'உங்க இணைப்புல என்ன கோளாறு'ன்னு... அக்கா? சோதனைக்கூடத்துல எதுக்கு அப்படிக் கேக்கிறாங்க?"

அந்தப் பக்கம் சட்டென்று சத்தம் அடங்கியது. கையால் போனைப் பொத்தியிருக்க வேண்டும். பொத்திய கைக்குள்ளிருந்தும் ஒரு குரல் கசிந்து வந்தது, அதட்டலாக.

"யாரோ கூப்பிடுறாங்க... 'சோஃபி, சோஃபி'ன்னு. யாரு சோஃபி?... அக்கா, யாரு சோஃபி?... நீ ஏன் 'இதோ வர்றேன்'னு சொன்ன?"

அக்கா பேசப் பேச, நவ்ரஸ் மெதுவாகச் சுவரோடு சரிந்து மண்ணில் உட்கார்ந்தாள்.

"...கால் சென்டர்லயா?... எப்போலேருந்து?... ரெண்டு வருஷமாவா... பிரான்ஸ்காரங்க போன் பண்ணுவாங்க, நீ எடுப்ப. அவ்ளோதானா?... அதுக்கு எதுக்கு வேற பேரு?... ஹஸ்னான்னு சொன்னா வச்சிடுவாங்களா... அப்போ பெருநாளைக்கு ஊருக்கு வந்தப்போ ஒரு கட்டு விடைத்தாள் கொண்டு வந்தியே! ராத்திரி முழுக்க உக்காந்து திருத்தினியே! அப்பா டிவிகூடப் போட விடல. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதா போய் சத்தம் போட்டார்... யாரோடது அது?... தோழியோடதா... ஓ. அவளுக்காகத் திருத்திக் குடுத்தியா..."

அவள் குரல் திடீரென்று உயர்ந்தது.

"பொய்க்காரி! எல்லாத்தையும் பொய் சொல்லிட்டு, போன வாரம்கூட எங்கிட்ட 'நல்லாப் படி, நல்லாப் படி'ன்னியே! எதுக்குப் படிக்கச் சொன்ன?... இல்ல, நீ சொல்லு, எதுக்கு?... கத்தல. நான் கத்தல... சரி. சரி, கத்தினேன். மன்னிச்சுக்கோ... அழாதக்கா. அங்க எல்லாரும் பாப்பாங்க... கழிவறைல இருக்கியா... சரி, மூஞ்சி கழுவிக்கோ."

மணி பதினொன்று ஐம்பது. சுவரைச் சுற்றி எட்டிப் பார்த்தாள். அலுவலக ஜன்னலிலிருந்து எழுத்தர் நஜாத் மேடம் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"வர்றேன் மேடம்! ரெண்டே நிமிஷம், மேடம்!... இல்லக்கா, உன்ன இல்ல. அலுவலகத்துல கூப்பிடுறாங்க... சொல்லு, சீக்கிரம் சொல்லு. இப்போ எதுல போடட்டும்? அறிவியல் வேணாம், சரி. இலக்கியம் போடட்டுமா?... பிரெஞ்சு இலக்கியம் படிச்சவ உன் பக்கத்து நாற்காலியா... பொருளாதாரம்?... அவங்க ரெண்டு பேரு, உனக்கு முன் வரிசையில... அப்போ கணினி. கணினி படிச்சவங்களுக்கு வேலை இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே... ம்... உங்க மேற்பார்வையாளரா? இப்போ அதட்டினானே, அவனா?... கணினிப் பொறியாளரா அவன்?"

அவள் சிரித்தாள். சிரித்த வாயை எப்படி மூடுவதென்று தெரியாமல் கையால் மூடிக்கொண்டாள்.

"அப்போ நாலு கட்டத்துல எதுல போட்டாலும் அந்தக் கூடத்துக்குத்தான் வந்து சேரணுமா?... நீ அப்படிச் சொல்லல, நான் சொல்றேன்... காலம் மாறும்னு சொல்லாத. நீயும் அதை நம்பல, உன் குரல்லயே தெரியுது... எனக்குப் புத்தி சொல்ல வேணாம்க்கா. ஒரே ஒரு விஷயம் சொல்லு. நீ இதே படிவத்தை நிரப்பினப்போ உனக்குத் தெரிஞ்சிருந்துதா? என்ன வேணும்னு?... ரொம்பத் தெரிஞ்சிருந்துதா..."

அது அவளை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக அடித்துப் போட்டது. ஒன்றும் தெரியாததுதான் தன் குறை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். எல்லாம் தெரிந்து, நேர்வழியில் ஓடி, முதலாவதாக வந்தவள் கழிவறையில் நின்று அழுதுகொண்டிருக்கிறாள்.

"சொல்லமாட்டேன்... யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அம்மாகிட்டயும்... சத்தியமா... மறுபடி கூப்பிடுறானா? பத்து நிமிஷம் ஆயிடுச்சா? இரு, அக்கா, ஒரு நிமிஷம், எதுல போடன்னு நீ இன்னும்... ஹலோ?... அக்கா?... ஹலோ?"

இணைப்பு போய்விட்டது. திரும்பக் கூப்பிட எண்ணைத் தேடும்போதே கையிலிருந்த போன் அடித்தது.

"ஹலோ, அக்கா... ஓ, அப்பா... ஆமாப்பா, பேசினேன். இப்போதான்... நல்லாயிருக்கா... ஆமா, வேலைக்கு நடுவுல வெளிய வந்து பேசினா... மாணவங்களா? நிறைய பேருப்பா. கூடம் நிறைய ஆளுங்க, சத்தம் எனக்கே கேட்டுச்சு... யாரு? வண்டில இருக்கறவங்களா? எல்லாரும் கேக்கணுமா?... வேணாம்ப்பா... சரி. சரி, ஸ்பீக்கர்ல போடுங்க... சலாம்... ஆமா மாமா, அவளேதான், டாக்டர் ஹஸ்னா... ஆமா, நல்லா மரியாதையா வச்சிருக்காங்க..."

தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு எழுந்தாள். ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தியாகிவிட்டது. படிவத்தைச் சுவரில் வைத்து அழுத்தி, அறிவியல் என்ற கட்டத்தில் குறி போட்டாள். சொரசொரச் சுவர். பேனா முனை தாளைத் துளைத்துக்கொண்டு போனது.

"போட்டுட்டேன்ப்பா... அறிவியல்தான்... அழலயே. வெயில், அதான் குரல் இப்படி... ஆமா... ஆமாப்பா, அக்கா மாதிரியேதான்."

வண்டிக்குள் யாரோ வாழ்த்துச் சொன்னார்கள், எல்லாரும் கை தட்டினார்கள். அப்பா சந்தோஷமாக ஒலிப்பானை இரண்டு முறை அழுத்திவிட்டு போனை வைத்தார்.