ஒரே எண்ணில் இரண்டு பெட்டிகள்

வீட்டில் பாட்டு நின்றுபோனால் எல்லாரும் முதலில் ஓடிப்போய் ரவுட்டரை அணைத்துப் போடுகிறார்கள். அது வீண் வேலை, மச்சான். எது நின்றது என்று முதலில் பார்க்க வேண்டும். போனில் வீடியோ ஓடுகிறதா? ஓடினால் இணையத்தில் குறையில்லை. ஸ்பீக்கர் மட்டும் வாயை மூடிக்கொண்டதா? அப்படியானால் குறை வீட்டுக்குள்தான்.

உன் அக்கா மாடி அறையில் உடற்பயிற்சி வகுப்பு தொடங்கியபோது நீதான் அந்த ஸ்பீக்கரைக் கொடுத்தாய். அருமையான ஸ்பீக்கர். அதில் ஒரு குறையும் கிடையாது.

முதல்முறை பாட்டு தானாகத்தான் நின்றது. கீழே மைக்ரோவேவ் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் வைஃபையும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்ளும்.

"அண்ணே, சீக்கிரம் வாங்க! தூக்குன காலை இறக்கலாமா வேணாமான்னே தெரியல" என்று பக்கத்து வீட்டம்மா மேலிருந்து குரல் கொடுத்தார்.

ரவுட்டரை வேறு அலைவரிசைக்கு மாற்றினேன். பாட்டு வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். "எங்க வீட்டு இன்ஜினியர்" என்றாள் உன் அக்கா. ஆபீஸில் என்னை வீட்டுக்கு அனுப்பிய பிறகு யாரும் என்னை எதற்கும் கூப்பிட்டதில்லை.

அடுத்த வாரம் பாட்டு நிற்கவில்லை. அதற்கடுத்த வாரமும் நிற்கவில்லை. எனக்கு என்னவோ போல இருந்தது.

வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண் கொடுக்கும், கதவு எண் மாதிரி. ஸ்பீக்கரின் எண்ணையே கீழே இருந்த பிரிண்டருக்கும் வைத்தேன். இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் பாவம், என்ன செய்வார்? பிரிண்டரைப் போட்டால் பாட்டு திக்கும், அணைத்தால் சரியாகிவிடும். எவ்வளவு எளிமை, பார்த்தாயா? போட்டுவிட்டு, அவள் கூப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

நீதான் விடவில்லை. "மாமா, இப்படி அடிக்கடி நிக்கக் கூடாது. லேப்டாப் கொண்டாந்து ஒருதரம் பாத்துடறேன்" என்றாய்.

எனக்கு வேறு வழி இல்லை. "உன் தம்பி பழைய சரக்கைப் புதுசுன்னு சொல்லி நம்ம தலையில கட்டிட்டான் போல" என்று அவளிடம் சும்மா சொல்லிவைத்தேன். அவள் உன்னைக் கேட்டாள். "என்னையே சந்தேகப்படறியா?" என்று நீ எகிறினாய். அக்காவும் தம்பியும் ரோஷத்தில் ஒரே அச்சு. மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொண்டீர்கள்.

உன் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. வகுப்பை ரத்து செய்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். டீ போட்டுக் கொடுத்தது நான்தான். அன்று பிரிண்டரை நான் தொடவே இல்லை. அதையும் நீ கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்று, அவள் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில், "ஸ்பீக்கரைத் திருப்பிக் குடுங்க" என்று வந்தவன், லேப்டாப்பைத் திறந்து ஸ்பீக்கருக்கும் பிரிண்டருக்கும் ஒரே எண் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாய். கெட்டிக்காரன். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இதையெல்லாம் விளக்கிச் சொல்ல இதுவரை ஓர் ஆள் கிடைக்கவில்லை.

ஆமாம், எல்லாம் நான்தான் செய்தேன்.

அவள் வந்ததும் தாராளமாகச் சொல், தடுக்க மாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் யோசித்துக்கொள், மச்சான். கூடப்பிறந்தவனே இப்படி ஒதுங்கிப்போன பிறகு, அவளுக்கென்று என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?