முழு மஞ்சள்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் கார் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. அதனால் எங்கள் மூலிகைக் கடைக்கு ஆட்கள் நடந்துதான் வருவார்கள். வந்தால் நின்று கதைப்பார்கள்.

முதலாளி ஞானேஸ்வரன் அண்ணைக்கு முழு மஞ்சள்தான் உசத்தி. கிழங்கை அரைத்து அப்படியே குளிசையாக அடைக்க வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்தவன். இங்கே ஆறு வருடம் பெற்றோல் ஸ்டேஷனில் நின்றவன். மஞ்சளில் வேலை செய்யும் சத்து நூற்றில் மூன்று நாலு பங்குதான், அதைப் பிரித்தெடுத்து மிளகுச் சத்தும் சேர்த்தால்தான் உடம்பில் பிடிக்கும் என்று சொன்னேன்.

"கறிக்குள்ளை இருந்து ருசியை மட்டும் தனியாக் கழட்டித் தரப்போறார் எங்கடை விஞ்ஞானி" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு நாலு வருடம் எனக்கு விஞ்ஞானி என்றுதான் பெயர். வயிறு எரிந்தது, மறைக்கவில்லை.

அண்ணை காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று தன் மஞ்சளை விழுங்குவார். இதயக் கோளாறுக்காக, இரத்தம் உறையாமலிருக்க டொக்டர் கொடுத்த மாத்திரையும் எடுப்பார். 2006 மே மாதம் அவருடைய மஞ்சள் குளிசைப் போத்தலில் மட்டும் நான் பிரித்தெடுத்த சத்தை அடைத்து வைத்தேன். குணம் தெரிந்தால் ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அந்த மாத்திரையோடு சேர்ந்தால் இரத்தப்போக்கு வரலாம் என்பதையும் படித்திருந்தேன்.

இரண்டாம் வாரம் முழங்கால் வலி விட்டுவிட்டது என்றார். "பாத்தியே, இதுதான் முழு மஞ்சள்" என்று என்னிடமே போத்தலை ஆட்டிக் காட்டினார். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். முடிந்த போத்தலை இன்னும் கூடிய அளவில் நிரப்பிக் கொடுத்தேன்.

ஐந்தாம் வாரம் மூக்கால் இரத்தம் வந்தது, பிறகு தலைக்குள். அண்ணையின் மனைவி மாலினி அக்காவுக்கு ஆங்கிலம் வராது. அவர் சொல்வதை ஆஸ்பத்திரியில் நான்தான் மொழிபெயர்த்தேன். வேறு மருந்து எடுக்கிறாரா என்று டொக்டர் கேட்டார்.

"மருந்தெண்டு ஒண்டும் இல்லைத் தம்பி. மஞ்சள் மட்டும்தான்."

எங்கள் சனம் மஞ்சளை மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் டொக்டரிடம் இல்லை என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் அண்ணை போய்விட்டார்.

நான்தான் கொன்றேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் முழங்கால் வலி மாறியதையும் கீழே எழுதுங்கள். அது என்னுடைய குளிசை.