முனீர் டாக்டரின் மெத்தைத் தையல்

தலைமை ஏற்றிருக்கும் தங்கதுரை ஐயா அவர்களே, அண்ணனைப் பறிகொடுத்து மேடையில் அமர்ந்திருக்கும் டாக்டர் வஜிஹா அவர்களே, ஷிப்ட் முடிந்த கையோடு வந்திருக்கும் சிப்காட் தோழர்களே, தாய்மார்களே!

நான் எல்லப்பன். லேத்தில் வேலை பார்த்தவன். அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்தில் நானே எழுதிய முதல் உரை இது, மெதுவாகத்தான் வாசிப்பேன். இரங்கல் கூட்டத்தில் இவன் சிரிக்கிறானே என்று எண்ணாதீர்கள். பல் மருத்துவர் முனீர் அகமது என்ற பெயரை என் கை எழுதிவிட்டது. அந்த மகிழ்ச்சிதான்!

என் முன்பல் போன இடத்தில், எலும்பில் திருகு பதித்துப் புதுப்பல் வைத்தவர் அவர். ஆனால் என் ஈறு வெங்காயத் தோல் போல மெல்லிசு. உள்ளே இருக்கும் உலோகம் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. வேறொரு மருத்துவமனையில் காட்டினேன்; ஈறு விலகினால் பல்லே தங்காது என்றார்கள். ஈற்றை நீளமாகக் கிழித்துத் தைக்க வேண்டும் என்றார்கள். பயந்துபோய் முனீர் டாக்டரிடமே வந்தேன்.

"எல்லப்பண்ணா, பேரிகை ஊர்ல எங்கப்பா மெத்தை தைக்கிறவரு. ஒரு இடம் அமுங்கிப் போச்சுன்னா முழு உறையையும் கிழிப்பாரா? ஓரமா ரெண்டு தையலப் பிரிச்சு, பஞ்ச உள்ள தள்ளி மூடிருவாரு."

"என் வாயில பஞ்சா வைக்கப் போறீங்க?"

"உங்க மேலண்ணத்துச் சதையேதான் பஞ்சு. கொஞ்சூண்டு எடுத்து ஈறுக்கு அடியில சொருகிடலாம்."

வாய் மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே ஓசூர்ப் பனி. மலைக் கோயில் அதில் மிதந்து மிதந்து மறைந்தது. கண்ணை மூடினேன். டாக்டரின் குரல் மட்டும் கேட்டது. பேரிகைச் சந்தை, இலவம்பஞ்சு, மெத்தை மேல் குதித்து அப்பாவிடம் அடி வாங்கிய கதை. நானே பஞ்சாகிப் பறப்பது போல இருந்தது. அதற்குள் வேலை முடிந்துவிட்டது! ஈறு தடித்து, இன்று பூவரசம் பூ மொட்டு மாதிரி கெட்டியாக நிற்கிறது.

அன்பர்களே, என்னைப் போலவே டாக்டரிடம் திருகுப்பல் வைத்து, இதோ உங்கள் நடுவில் அமர்ந்திருக்கும் பேச்சியம்மாள் அக்காவுக்கும் அதே மெல்லிய ஈறுதான். அதே தையலுக்கு வரும் திங்கட்கிழமை டாக்டர் நாள் குறித்திருந்தார். மாரடைப்பு முந்திக்கொண்டது. சற்று முன் வாசலில் அக்கா என்னிடம் அழுதார்: "அவுக போயிட்டாகளே! இனி இந்தப் பல்லக் கழட்டித்தான் போடணுமா?"

கழற்ற வேண்டாம் அக்கா! அன்று நான் கண் திறந்தபோது கத்தி யார் கையில் இருந்தது? முனீர் டாக்டர் கையிலா? அவர் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். வெட்டியதும், சொருகியதும், தைத்ததும் இதோ இந்த வஜிஹா டாக்டர்!

இதை மேடையேறும் முன் அவருக்கு நினைவூட்டினேன். அவர் சொன்னார்: "அண்ணன் பக்கத்துல பேசிக்கிட்டே இருந்தாரு, அதான் கை நடுங்கல. இப்ப யாரு இருக்கா?"

டாக்டர் அம்மா, திங்கட்கிழமை கதவைத் திறங்கள். அக்கா நாற்காலியில் உட்காரட்டும். அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்து பேசுகிறேன். என் டாக்டருக்கு நான் செலுத்தும் அஞ்சலி அதுவே.