திறக்காத மக்னீசியம் போத்தல்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று என் பெயரில் மூன்று லொறி ஓடுகிறது. இருந்தாலும் கண்டியிலிருந்து திகனைக்கு பஸ்ஸில்தான் திரும்புவேன். ஊர்ப் பேச்சு பஸ்ஸில்தான் கேட்கும்.

நேற்று முன் சீட்டில் ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து அக்காவும் தங்கையும் இருந்தார்கள். அக்காவின் மடியில் வலிக்குக் குடிக்கும் மக்னீசியம் குளிசைப் போத்தல் ஒன்று, சீல் உடைக்காமல் இருந்தது.

“மடியில வச்சுத் தாலாட்டுனா தோள்வலி போயிருமா அக்கா?”

“போக வேணாம்டி. இந்த வலி இருக்கட்டும்.”

“பைத்தியமா ஒனக்கு? கொழுந்துக் கூடை தூக்க ஏலாம எத்தன வருஷமாக் கெடக்குற! டொக்டரும் குடிச்சுப் பாருங்கன்னுட்டாரு. குவைத்துல வேலை செய்யுற ஒன் மகளே அனுப்பியிருக்கா.”

“அதான் பயம். எனக்குச் சொகமாயிட்டா, தன் புள்ளைகள அம்மா பாத்துக்கும்னு இன்னும் ரெண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்து வச்சிருவா. எனக்கு முடியலன்னாத்தான் வீடு வந்து சேருவா. சின்னவன் அவ மொகத்தையே மறந்துட்டான்டி.”

“அதுக்காக நீ வலியிலயே சாவியா?”

குண்டசாலையைத் தாண்டும்போது அக்காவின் போன் அடித்தது. மகள்தான்.

“ஒண்ணு விடாமக் குடிக்கிறேன் மகளே. வலி மட்டும் கொறையவே இல்ல. கையத் தூக்க முடியல. புள்ளைகளக் குளிப்பாட்டக்கூட ஏலாது...”

மகள் சொல்வதைக் கேட்டார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

“அதவிட நல்ல குளிசையா? பெரிய போத்தலா... சரி மகளே. அனுப்பு.”